பந்துக்குப் புரிகிற தமிழ்

1

சென்ற வாரம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போனேன். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த அலுவலகத்தில் போய் நின்று, நான் இன்னும் மெட்ராஸில்தான் இருக்கிறேன், இன்னும் அதே மனிதருக்குத்தான் மனைவி, அதே பள்ளியில்தான் டீச்சர் என்று சொல்லி முத்திரை வாங்கி வரவேண்டும். இந்த முறை நாற்காலியில் புது அதிகாரி. பாஸ்போர்ட்டைப் புரட்டினார். மலேசியா என்று இருந்ததைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தமிழ் ரொம்ப நல்லாப் பேசறீங்களே. எங்க கத்துக்கிட்டீங்க?”

“வீட்டிலதான் சார்.”

“ஓ, வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தாரா?”

ஈப்போவில் என் அம்மாவும் அப்பாவும் தமிழில்தான் கொஞ்சிக்கொண்டார்கள், தமிழில்தான் சண்டை போட்டார்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் முத்திரை அவர் கையில் இருந்தது. “ஆமாம் சார்” என்றேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று தனியாகச் சிரித்தேன்.

ஈப்போவிலிருந்து சொந்தக்காரர்கள் பலர் எழுதிக் கேட்கிறீர்கள், “பாக்கியம், அந்த ஊர் உனக்குப் பழகிவிட்டதா?” என்று. கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கிப் பத்து வருஷம் தாண்டிவிட்டது. இத்தனை நாளும் “ஏதோ ஓடுகிறது” என்று ஒரு வரியில் பதில் போட்டு வந்தேன். இந்த வருஷம் ஒரு வரி போதாது. என் நான்காம் வகுப்பில் ஒரு காரியம் நடந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில் என் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மற்றது புரியாது.

வந்த புதிதில் ஒரு நாள், “மதினி, வாசல்ல காடி நிக்குது” என்றேன். என் கணவரின் அண்ணி எழுந்து போய் வாசலில் ஊறுகாய் ஜாடியைத் தேடினார். நமக்குக் காடி என்றால் கார். அவர்களுக்குக் காடி என்றால் புளித்த நீர். காப்பியைக் கோப்பி என்றால் சிரிப்பு. கடையில் சீனி என்றால், “சர்க்கரையைச் சொல்றீங்களா?” என்று ஒரு கேள்வி. என் கணவரின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் துணிக்கடை வைத்தவர்கள். அவர்கள் பேச்சு ஒரு மாதிரி. நாங்கள் குடியிருக்கும் அபிராமபுரத்தில் காய்கறி வண்டிக்காரர் பேச்சு இன்னொரு மாதிரி. நான் வேலை செய்யும் பள்ளியின் தலைமை ஆசிரியை மயிலாப்பூர்க்காரர். அவரை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். அவர் பேச்சு முற்றிலும் வேறு. இந்த மூன்றுக்கும் நடுவில் நான் ஈப்போத் தமிழை வைத்துக்கொண்டு நின்றேன்.

பெரியவர்கள் சிரித்தால் நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். என் மகள் சிரிக்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வள்ளிக்கு ஒன்பது வயது. இங்கேயே பிறந்தவள். என் வகுப்பிலேயே படிக்கிறாள். ஒரு நாள் காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும், சாப்பிட்டாயிற்றா என்பதற்கு நம் ஊர் வழக்கப்படி, “எல்லாரும் பசியாறியாச்சா?” என்று கேட்டுவிட்டேன். பின் வரிசையிலிருந்து, “பசின்னு யாரு டீச்சர் சொன்னது?” என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது. வள்ளி குனிந்து பென்சில் சீவினாள்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, “அம்மா, கிளாஸ்ல பசியாறுன்னு சொல்லாதம்மா. அல்லாரும் சிரிக்கிறாங்க” என்றாள்.

“அது நம்ம ஊர் வார்த்தைடா.”

“உன் ஊரு. என் ஊரு இதான்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டு விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். லீவுக்கு ஈப்போ போகலாமா என்று கேட்கும் போதெல்லாம், “அங்க போனா நான் யாரோட பேசறது?” என்பாள். அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. நீங்கள் அனுப்பும் படங்களில் இருக்கும் பெரியம்மாக்களும் மாமாக்களும் அவளுக்குப் படங்கள்தான்.

3

அப்போதுதான் என் தம்பி கருணா பினாங்கிலிருந்து கப்பலில் வந்தான். மருமகளுக்கு அவன் கொண்டுவந்தது ஒரு டி.வி. கேம். உங்கள் பிள்ளைகள் இதற்குள் ஆடிச் சலித்திருப்பார்கள். ஒரு பெட்டி, திருகு குமிழ் வைத்த இரண்டு கைப்பிடிகள், டி.வி.யில் செருக ஒரு வயர். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் மட்டையாக நிற்கும். ஒரு வெள்ளைப் புள்ளி பந்தாக ஓடும். அவ்வளவுதான்.

துறைமுகத்தில் சுங்க அதிகாரி அதைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“என்னப்பா இது?”

“விளையாட்டு சார். பந்தாட்டம்.”

“பந்து எங்க?”

“உள்ள இருக்கு சார்.”

பாட்டரி போடும் மூடியைத் திறந்து விரலை விட்டுத் துழாவினார். பந்து அகப்படவில்லை. டி.வி.யில் போட்டால்தான் தெரியும் என்று கருணா விளக்க, துறைமுகத்தில் ஏது டி.வி.? பக்கத்து மேஜை, மேலதிகாரி, மறுபடியும் முதல் மேஜை என்று அலைந்து, சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு ஒரு தாளோடு வெளியே வந்தான். அதில், ‘விளையாட்டுச் சாமான், பந்து இல்லாதது’ என்று இங்கிலீஷில் எழுதி முத்திரை வைத்திருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது. மாடி வீட்டுக்காரர்களிடம் கேட்டு அவர்கள் கூடத்தில் மாட்டினோம். கருணாவும் வள்ளியும் ஆடினார்கள். என் கணவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் அறையில் வேலை செய்கிறார். கம்ப்யூட்டர் என்பது ஒரு ஹாலை அடைத்துக்கொண்டு, குளிர்ந்த காற்றில் நிற்கும் மெஷின். ஓட்டை போட்ட அட்டைகளில் கட்டளைகளை எழுதி அதற்குள் ஊட்ட வேண்டும். வீணான அட்டைகளைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவார். கடைச் சீட்டிலிருந்து வள்ளியின் படங்கள் வரை எங்கள் வீட்டில் எல்லாம் அந்த அட்டைகளின் முதுகில்தான்.

வள்ளி தோற்றுப்போய்க் குமிழை வைத்தாள். “மாமா பக்கம் மட்டும் மெதுவா போவுதுப்பா. பந்துக்கு மாமாவைப் பிடிச்சிருக்கு.”

“பந்துக்கு யாரையும் தெரியாதும்மா” என்றார் அவர். “நேராப் போன்னா போகும். இடிச்சா இந்தப் பக்கம் போன்னா போகும். சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது.”

“அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரோ ஒருத்தர், உள்ள வயரிலேயே சொல்லி வச்சிருக்காங்க. எங்க மெஷின்ல அதையே அட்டையில சொல்லுவோம்.”

வள்ளி குமிழை மறுபடியும் கையில் எடுத்தாள். “அப்ப நாங்க சொன்னாலும் கேக்குமா?”

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. என் வகுப்புக் குழந்தைகள் வாய்ப்பாடு சொல்வார்கள், செய்யுள் சொல்வார்கள். ‘நாங்கள் சொன்னால் கேட்குமா’ என்று எதைப் பற்றியும் ஒருவரும் கேட்டதில்லை.

4

பள்ளியில் ஒரு டி.வி. உண்டு. ஒரு பெற்றோர் கொடுத்தது. ஒளிபரப்பு மாலையில்தான் என்பதால் பகலெல்லாம் பூத்தையல் போட்ட துணிக்குள் தூங்கும். பெரிய டீச்சரிடம் போய்க் கேட்டேன்.

“ஏம்மா பாக்கியம், டீவியைப் பார்த்தாலே கொழந்தைகளுக்குக் கண்ணு கெட்டுப்போறதுங்கறா. நீ அதுல விளையாட விடணும்ங்கறியே?”

“விளையாட இல்லைங்க. பார்த்து எழுத.”

“என்னத்தை எழுத?”

“பந்து என்ன பண்ணுதுன்னு. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதறது இப்படித்தான் ஆரம்பம்னு வீட்டுல சொன்னாங்க.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கணக்குப் பீரியட்ல எடுத்துக்கோ. தமிழ்ப் பீரியட்டைத் தொடாதே.”

வகுப்பில் ஒரே சட்டம் போட்டேன். பந்தைப் பற்றி ஒரு விதி கண்டுபிடித்து அட்டையில் எழுதினால்தான் குமிழைத் தொடலாம். முதல் நாள் வந்த அட்டைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ‘பந்து சுவரைக் கண்டால் பயந்து ஓடும்.’ ‘பந்துக்கு மட்டை மேல் கோபம்.’ ஸ்ரீதர் என்று ஒரு பையன், வக்கீல் வீட்டுப் பிள்ளை, ‘பந்து நியாயமாக நடந்துகொள்வதில்லை’ என்று எழுதியிருந்தான்.

ரஹீமா எழுதியது மட்டும் வேறு. மயிலாப்பூர்க் கடைத்தெருவில் புத்தக பைண்டிங் கடை வைத்திருப்பவரின் மகள். பேச்சு கொஞ்சம், பார்வை கூர்மை. ‘சுவர் வந்தால் மட்டும் மாறும். வரவில்லை என்றால் மாறாது’ என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துக் காட்டினேன். பயமும் கோபமும் மெல்ல மெல்ல அட்டைகளிலிருந்து காணாமல் போயின. ‘வந்தால்’, ‘இல்லை என்றால்’, ‘மறுபடியும் முதலிலிருந்து’ என்ற சொற்கள் வந்தன. வீட்டில் அட்டைகளைப் பார்த்த என் கணவர், “எங்க காலேஜ் பசங்களுக்கு இது புரிய ஒரு மாசம் ஆகும்” என்றார். பாதி நம்பினேன்.

5

அடுத்த வாரம் பாதி ஆட்டத்தில் கரண்ட் போய்விட்டது. குழந்தைகள் முனகினார்கள். அட்டைகளை எடுத்துக்கொண்டு எல்லோரையும் வாதாம் மரத்தடிக்கு அழைத்துப் போனேன்.

“ரஹீமா, நீதான் பந்து. இந்தக் காம்பவுண்டுச் சுவர் ஒரு பக்கம், அந்தக் கயிறு ஒரு பக்கம். உனக்கு ஒண்ணும் தெரியாது. அட்டையில இருக்கறதைப் படிச்சா, படிச்ச மாதிரியே செய்யணும்.”

ஸ்ரீதர் படித்தான். “நேரே நட.” நடந்தாள். சுவர் வந்தது. “சுவர் பட்டால் திரும்பு.” ரஹீமா நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றாள்.

“ஐயோ, அப்படி இல்லை. இந்தப் பக்கம் திரும்பு” என்றான்.

“எந்தப் பக்கம்னு அட்டையில இல்லியே” என்றாள் ரஹீமா.

‘பின்னாடி போ’ என்று மாற்றினார்கள். ரஹீமா திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்துபோய்க் கயிற்றில் இடித்தாள். இப்போது பின்னாடி என்பது எந்தப் பக்கம்? அதில் ஒரு சண்டை. ‘வந்த வழி’ என்றார்கள். எந்த வழியாக வந்தாள் என்பதில் இன்னொரு சண்டை. ஆளுக்கொரு தமிழ், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அர்த்தம். சத்தம் தாங்காமல் நான் வாயைத் திறந்தேன்.

“அட, கோஸ்தான் பண்ணச் சொல்லுங்க.”

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஈப்போவில் அப்பாவின் லாரி எங்கள் சந்துக்குள் பின்வாங்கும்போது அம்மா பின்னால் நின்றுகொண்டு, “கோஸ்தான், கோஸ்தான், இன்னும் வாங்க” என்று கை காட்டுவார். அடுத்த வீட்டுச் சீனப் பாட்டியும் அதையே சொல்லுவார். இங்கே வந்து நான் ஒரு நாளும் சொன்னதில்லை. மரத்தடியில் ஒரே சிரிப்பு. “கோஸ்தானா? இன்னா டீச்சர் அது?” வள்ளியைப் பார்த்தேன். முகம் சிவந்து காலடியில் கிடந்த வாதாங்கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரஹீமா மட்டும் சிரிக்கவில்லை. யோசித்தாள்.

“அது நல்லா கீது டீச்சர். திரும்புன்னா ரெண்டு அர்த்தம் கீது. இதுக்கு எங்களுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது. நாம சொல்றதுதான் அர்த்தம்.”

சிரிப்பு அடங்கியது. “அப்ப அர்த்தம் சொல்லணும்ல” என்றான் ஸ்ரீதர். “முகத்தைத் திருப்பணுமா, வேண்டாமா?”

வள்ளி தலையை நிமிர்த்தினாள்.

“பந்துக்கு முகம் ஏது?” என்றாள். “கோஸ்தான்னா எந்தப் பக்கம் போய்க்கினு இருந்ததோ அதுக்கு எதிர்ப்பக்கம் போறது. அவ்ளோதான். எங்க தாத்தா லாரிக்கு அப்படித்தான் சொல்லுவாங்க.”

எங்க தாத்தா என்றாள். அவரை அவள் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் சோறு ஊட்டும்போது நான் சொன்ன லாரிக் கதை இவ்வளவு நாளும் அவளிடம் இருந்திருக்கிறது. நான் அட்டைகளைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரஹீமா நடந்தாள். சுவர் பட்டது, கோஸ்தான். கயிறு பட்டது, கோஸ்தான். குழந்தைகள் கை தட்டினார்கள். “நில்லுன்றதுக்கு இன்னாம்மா?” என்று வள்ளி கேட்டாள், வகுப்பில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்ற அவளுடைய சட்டத்தையே மறந்து. மலாய் மொழியில் பெர்ஹெந்தி என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

6

சொல் பள்ளியோடு நிற்கவில்லை. சில நாளில் பெரிய டீச்சர் அழைத்து அனுப்பினார். அவர் அறையில் ஸ்ரீதரின் அப்பா, அந்த வக்கீல், உட்கார்ந்திருந்தார்.

“நேத்து எங்காத்துல பையன் சாப்பிட்டுண்டு இருக்கான். அவம்மா ரசம் விட வந்தா. கோஸ்தான்ங்கறான். என்னடா பாஷைன்னு கேட்டா, கணக்குங்கறான். நான் பணம் கட்டி அனுப்பறது இதுக்கா?”

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். “இதோட நிறுத்திக்கலாமான்னு பார்க்கறேன், பாக்கியம்.” குரல் கனிவாகத்தான் இருந்தது. இந்தப் பள்ளியின் கடிதம் இல்லாமல் அந்த முத்திரை கிடைக்காது. அதைவிட, வள்ளியிடம் போய், இந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது என்றுதான் நினைத்தேன்.

“ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க” என்றேன்.

மரத்தடிக்கு வந்தார்கள். ரஹீமா பந்தாக நின்றாள். வள்ளி அட்டைகளைப் படித்தாள். ரஹீமா நடந்தாள், கோஸ்தான், நடந்தாள், கோஸ்தான், மறுபடியும் முதல் அட்டை. வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய டீச்சர், “சரி, புரியறது. போதும்மா, நில்லு” என்றார்.

ரஹீமா நிற்கவில்லை.

“நில்லுங்கறேனே.”

சுவர் பட்டு, எதிர்ப்பக்கம் திரும்பி, பெரிய டீச்சரைத் தாண்டி நேரே நடந்தாள். அந்தப் பள்ளியில் அவர் சொல்லி ஒரு குழந்தை நிற்காமல் போய் நான் பார்த்ததில்லை. வள்ளி அவர் பக்கத்தில் வந்து மெதுவாக, “பெரிய டீச்சர், அவ பந்து. நில்லு அவளுக்குத் தெரியாது. பெர்ஹெந்தின்னு சொல்லணும்” என்றாள்.

தமிழ்ப் பீரியட்டைத் தொடாதே என்ற அந்த அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பெர்ஹெந்தி.”

ரஹீமா தூக்கிய காலோடு நின்றாள்.

முதலில் சிரித்தது வக்கீல். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “சட்டத்துலயும் இதே கதைதான். எழுதாததை ஒருத்தரும் செய்ய மாட்டா” என்றவர், அட்டைகளைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். “இருங்கோ. ரெண்டு சுவர் சேர்ற மூலையில போய் இடிச்சா? ரெண்டு கோஸ்தானா, ஒண்ணா?”

குழந்தைகளில் ஒருவருக்கும் அதுவரை அது தோன்றியிருக்கவில்லை. பத்து நிமிஷத்தில் வக்கீல் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் மூலையின் படம் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்ரீதர் அவரோடு வாதாடிக்கொண்டிருந்தான். பெரிய டீச்சர் என் தோளைத் தொட்டார். “அந்த வார்த்தைக்கு எழுத்து எப்படி? பெர், ஹெந்தியா?” என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார். நிறுத்துவது பற்றி அதன்பின் பேச்சே இல்லை.

7

ஒரு சனிக்கிழமை என் கணவர் தன் பேராசிரியரிடம் அனுமதி வாங்கி, வகுப்பைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போனார். வெயிலிலிருந்து அந்தக் குளிருக்குள் நுழைந்ததும் குழந்தைகள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மெஷினுக்குத் தமிழ் வராதா சார் என்று ரஹீமா கேட்டாள்.

“இங்கிலீஷ் எழுத்துதான் தெரியும். ஆனா ஒரு வேலையைச் சொல்லிக் குடுத்து அதுக்கு நாமளே ஒரு பேரு வச்சா ஏத்துக்கும். ஆறு எழுத்துக்குள்ள இருக்கணும்.”

ஜி, ஓ, எஸ், டி, ஏ, என். விரல் விட்டு எண்ணினார்கள். சரியாகப் பொருந்தியது. பெர்ஹெந்தியைத்தான் வால் நறுக்க வேண்டியிருந்தது. என் கணவர் அட்டைகளை ஊட்டினார். மெஷின் தடதடவென்று ஒரு தாளைத் துப்பியது. அதில் பந்து இல்லை; ‘தவறு’ என்று இங்கிலீஷில் ஒரு வரிதான். எங்கோ ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டார். “சாருக்கும் தப்பு வருது” என்று அவர்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. திருத்திய பிறகு வந்த தாளில் நட்சத்திரப் புள்ளிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, மூலையில் வக்கீல் மண்ணில் போட்ட படத்தின்படியே திரும்பி, நடுவில் வந்து நின்றன.

திரும்பும் பஸ்ஸில் வள்ளி என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அம்மா, மழைக்கு இன்னா சொல்லுவீங்க உங்க ஊர்ல? குடைக்கு? ஊருக்கு?” மலாயில் தெரிந்ததை மலாயிலும், நம் தமிழில் தெரிந்ததை நம் தமிழிலும் சொன்னேன். பஸ் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொன்னாள். பின்னாலிருந்து ரஹீமாவும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடையாறு வருவதற்குள், “நாம எப்பம்மா அங்க போறோம்?” என்று அவளே கேட்டாள்.

கப்பலில் இடம் சொல்லியாகிவிட்டது. பள்ளி மூடியதும் கிளம்புகிறோம். வள்ளி உங்கள் வாசலில் வந்து நின்று, “வீட்ல யாராவது கீறாங்களா?” என்று கேட்பாள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டாள். உங்களுக்கு எந்தச் சொல் புரியவில்லை என்று கேட்டு, அதற்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்து, உங்களிடமிருந்து ஒரு சொல்லை வாங்கிக்கொண்டுதான் அடுத்த வீட்டுக்குப் போவாள்.